மஞ்சளாக விட்டிருக்க வேண்டிய இலை

மகனே,

நீ போனை எடுப்பதில்லை. உன் அம்மா அடித்தால் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கிறாய். நான் அடித்தால் அதுவும் கிடையாது. சித்திரை முடிவதற்குள் ஓமனுக்குப் போகிறாய், அங்கே ஏதோ பண்ணையில் வேலை, ஊருக்கு வந்து சொல்லிக்கொண்டு போக நேரமில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். மதுரையில் இருந்துகொண்டு சின்னமனூர்ப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லாதவனுக்குக் கடல் தாண்ட மட்டும் நேரம் இருக்கிறதாக்கும். அது சாக்கு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாண்டி மாமா முகத்தில் உன்னால் விழிக்க முடியவில்லை. அவன் வீட்டைத் தாண்டாமல் நம் வீட்டுக்கு வழியில்லை. அதனால்தான் நீ வரவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் உன்னிடமா பேசுகிறார்கள்? டீக்கடையில் பேசுகிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுகிறார்கள், கம்பம் சந்தையில் வாழைத்தார் இறக்கிக்கொண்டே பேசுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். ஆபீசராக வந்து ஊரைக் கெடுத்தவன் என்று உனக்கு ஒரு பட்டம் கட்டியிருக்கிறார்கள். நான் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன், தொண்டை போனதுதான் மிச்சம். இனி எழுதித்தான் பார்க்க வேண்டும்.

நீ சர்க்கரை ஆலையில் வயல் ஆபீசராகச் சேர்ந்த புதிதில் ஒரு டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் விதை கொட்டினாயே, நினைவிருக்கிறதா? மாத்திரை மாதிரி நீலப் பூச்சு பூசிய உருண்டைகள். இது என்னடா, தலைவலிக்கா என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, நம் தோட்டத்து பீட்ரூட்டுக்கு இது தம்பி, ஆனால் வெள்ளையாக இருக்கும், இதிலிருந்து சீனி எடுக்கலாம் என்றாய். கரும்பு குடிக்கிற தண்ணீரை இது குடிக்காது, அரை வருஷத்தில் பிடுங்கிவிடலாம், ஆலை வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டில் பனியில் விளைகிற சர்க்கரைக்கிழங்கை நம் வெயிலுக்குத் தோதாக மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. என் மகன் ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்போது சொல்லவில்லை.

சாவடியில் ஊரைக் கூட்டி நீ பேசினாய். படித்தவன் பேச்சு மாதிரியே இல்லை. மண்ணை எடுத்துக் கொடுங்கள், சோதனை பண்ணி வருகிறேன், அதற்குத் தகுந்த உரம்தான் போட வேண்டும் என்றாய். தொழுவுரம் முதலிலேயே போய்விட வேண்டும். போரான் சத்து இல்லாவிட்டால் கிழங்கின் நடுவில் கறுத்துவிடும், அதைக் குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி பார்த்துப் போட வேண்டும், கூடினாலும் கெடுதல். யூரியாவைச் சின்னப் பயிரிலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும், கிழங்கு இறங்க ஆரம்பித்த பிறகு ஒரு பிடிகூடப் போடக் கூடாது. அங்கேதான் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் கடைசித் தண்ணீரோடு ஒரு கை யூரியா வீசாத கை எது? நெல்லுக்கு வீசுவோம், வாழைக்கு வீசுவோம். அப்போது நீ பாண்டி மாமாவைப் பார்த்துக் கேட்டாய்:

“மாமா, திராட்சை இனிக்கணும்னா வெட்டுக்கு முந்தி தண்ணிய நிப்பாட்டுறீகள்ல? கொடி வாடுதேன்னு பாவம் பாக்குறீகளா? அதே கணக்குத்தான். இதுக்கு யூரியாவ நிப்பாட்டணும். இலை மஞ்சளாகும். மஞ்சளானாத்தேன் இனிப்பு கெழங்குக்கு இறங்கும்.”

பாண்டி தலையை ஆட்டினான். அந்த ஒரு பேச்சில்தான் அவன் விழுந்தான் என்று நினைக்கிறேன். அவனுடைய பன்னீர்த் திராட்சைப் பந்தல் கிழடு தட்டிப் போயிருந்தது, அடிச்சாம்பல் நோய் வேறு விடாமல் பிடித்திருந்தது, கொடியை மாற்றி நடலாமா என்று அவன் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தான். உன் பேச்சைக் கேட்டபின் யோசனையை விட்டான். கொடியை வெட்டி, கம்பியைச் சுருட்டி, கல்தூண்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டான். நீ அவனிடம், ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பாருங்கள் மாமா, பந்தலில் கை வைக்காதீர்கள் என்று என் முன்னால்தான் சொன்னாய். அவனுக்கு அது காதில் ஏறவில்லை. அக்காள் மகன் சொல்கிறான், முழுதாக இறங்காவிட்டால் அவனுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தான். பாசம் இப்படியெல்லாம் வேலை செய்யும் என்று உன் காலேஜில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ரகம் எது என்ற பேச்சு வந்தபோது கெடுத்தது நான்தான், அதை அன்று சாவடியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நீ இரண்டு ரகம் காட்டினாய். ஒன்று கிழங்கு சிறுத்து, இனிப்பு கூடி வருவது. இன்னொன்று கிழங்கு பெருத்து, இனிப்பு கொஞ்சம் குறைவது. நம் மண்ணுக்கும் நம் ஆட்களின் கைக்கும் சின்னதுதான் சரி, பெரிய ரகம் உரத்தில் கொஞ்சம் தவறினாலும் வெறும் தண்ணீராகிவிடும் என்றாய். நான் எழுந்து, எடை வராத கிழங்கை எவன் வண்டியில் ஏற்றுவான் என்று சத்தம் போட்டேன். கூட்டம் சிரித்தது. நீ என்னைப் பார்த்தாய். அப்பன் பேச்சை ஊர் முன்னால் தட்டக்கூடாது என்று, “சரிப்பா, உங்க இஷ்டம்” என்று உட்கார்ந்துவிட்டாய். போகிற இடத்தில் இதை மட்டும் செய்யாதே. உனக்குத் தெரிந்தது உனக்குத் தெரிந்ததுதான். அப்பன் சொன்னாலும் முதலாளி சொன்னாலும் மரியாதைக்காக அதை விட்டுக்கொடுக்காதே. மரியாதை வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசு, ஆனால் பேசு.

தை மாதம் முழுக்க ஊரே உன்னைக் கொண்டாடியது. மேகமலை அடிவாரம் வரைக்கும் இதைப் போல் ஒரு பயிர் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். இலை முழங்கால் உயரம், கரும்பச்சை. நான் வேலை இல்லாவிட்டாலும் வரப்பில் போய் நிற்பேன். ஆலையில் ஏதோ பயிற்சி என்று உன்னை வடக்கே அனுப்பினார்கள். போகும்போதும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனாய், மாசியில் மஞ்சள் விழும், பயப்படாதீர்கள் என்று.

விழுந்தது. முதலில் அடி இலை, அப்புறம் நடு இலை. பக்கத்து வயலில் நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது, நம்முடையது மட்டும் சீக்கு வந்த மாதிரி நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் சும்மா போவார்களா? ஆபீசர் வீட்டுத் தோட்டத்துக்கே மஞ்சள் காமாலையா என்று ஒருவன் கேட்டான். நான் அவனை விரட்டிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தேன். நீ சொன்னது என் மூளையில் இருந்தது, மறக்கவில்லை. ஆனால் கண் கேட்கவில்லையே. பொழுதுக்கும் பச்சையைப் பார்த்தே வளர்ந்த கண். பயிர் மஞ்சளாக நின்றால் அது பசிக்கிறது என்று கத்துவதாகத்தான் எனக்குத் தெரியும். நீ பெரியகுளத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது உன் கன்னம் ஒட்டியிருக்கிறது என்று ஞாயிறு தவறாமல் கோழிக்குழம்பைத் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேனே, வார்டன் திட்டுவாரே, நீ கூட்டாளிகள் முன்னால் கூசுவாயே. அதே ஆள்தானே நான். உன் அம்மா அப்போதும் சொன்னாள், இப்போதும் சொன்னாள்: “ஏங்க, ஒங்களுக்கு எதுவும் வாடி நிக்கக் கூடாது. வாடுறது அதுக்கே நல்லதுன்னு புள்ள சொல்லிட்டுத்தான போயிருக்கான்.”

மறுநாள் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, யூரியா மூட்டையைப் பிரித்து மடையில் வைத்து வீசினேன். ஒளிந்து செய்யவில்லை. பாண்டி வரப்பில் நின்று பார்த்தான். “ஏன் மச்சான், மாப்ள வேணாம்னு சொன்னானே?” என்றான். “அவன் ஆபீசுல சொல்லுவான். பயிரு முன்னாடி நிக்கிறது நானு” என்றேன். சாயங்காலம் அவனும் மூட்டை வாங்கி வந்தான். ஆபீசரின் அப்பனே போடுகிறான் என்றால் அப்புறம் ஊரில் யார் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்? வாரம் திரும்புவதற்குள் ஒரு தோட்டம் பாக்கியில்லை. பயிரெல்லாம் மறுபடி பச்சை பிடித்தது. நடுவிலிருந்து புதுக் குருத்து குப்பென்று கிளம்பியது. கிழங்கு ஊதி மண்ணை வெடித்துக்கொண்டு மேலே வந்தது. ஒவ்வொருவனும் ஒரு கிழங்கைப் பிடுங்கிக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். உன் போனுக்கும் ஒன்று வந்திருக்கும்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீ ஓடி வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூட வராமல் நேரே தோட்டத்துக்குப் போனாய். நான் பெருமையாகக் காட்டினேன். நீ ஒரு கிழங்கை அறுத்து, சாற்றில் ஒரு சொட்டை இனிப்பு அளக்கிற அந்தச் சின்னக் கருவியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாய். துடைத்துவிட்டு இன்னொரு கிழங்கு. அப்புறம் இன்னொன்று. என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். நீ கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் இலைக்குப் போயிருச்சுப்பா” என்று மட்டும் சொன்னாய். என் உசிர் இருக்கும் வரைக்கும் அந்தக் குரல் என் காதில் கிடக்கும்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆலையில் சோதித்துப் பார்த்தார்கள். இதைக் காய்ச்சினால் விறகுச் செலவுக்குக்கூடச் சீனி வராது, சாறு பாகாகி நின்றுவிடும், கட்டியாகாது என்று சொல்லிவிட்டார்கள். லாரி வரவில்லை. பிடுங்கிய கிழங்கு ரோட்டோரம் வெள்ளைக் குவியலாகக் கிடந்து, வெயிலில் வெதும்பி, புளித்த வாடை அடித்தது. மலையிலிருந்து இறங்கிய மலைமாடுகளைக் கொண்டுவந்து விட்டோம். கூடுதலாகத் தின்றால் வயிறு உப்பும் என்று நீ அங்கேயும் நின்று மாட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்திலும் உன் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. வந்த ஒரே வருஷத்தோடு ஆலையும் கிழங்குத் திட்டத்தையே கைவிட்டது.

சாவடியில் மறுபடி கூட்டம். யூரியா போட்டது நான்தான், பெரிய ரகம் கேட்டதும் நான்தான், என்னைக் கேளுங்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். ஒருத்தரும் கேட்கவில்லை. “நீங்க காட்டு ஆளு, ஒங்களுக்கு என்ன தெரியும்? படிச்சவன்ல தடுத்திருக்கணும்” என்றார்கள். எனக்குப் பரிந்து பேசுகிறார்களாம். என் பிள்ளையை என் கண் முன்னால் கழுவிலேற்றிக்கொண்டு எனக்குப் பரிந்து பேசினார்கள். நான் சுமக்கத் தயாராக இருந்ததை என்னிடம் தர மாட்டேன் என்றார்கள். நீயும் அப்படியே தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், நான்தான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்றாய். பாண்டி மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நீ அதைத்தான் தாங்கவில்லை. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான், இரண்டு சித்திரை ஆகப் போகிறது.

பாண்டி என்ன செய்கிறான் என்று நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். திராட்சை போட அவனிடம் கல்தூணும் இல்லை, கம்பியும் இல்லை, அதைவிட மனசு இல்லை. விடியும் முன்னே கம்பத்துக்குப் போய் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறான். பந்தல் போட்டு வைத்திருந்தவன், இன்னொருவன் தோட்டத்தில் கங்காணி சொல்கிற வரியில் நின்று காய் எடுக்கிறான். வாரத்தில் ஒரு நாள்தான் ஊரில் பார்க்க முடியும். நான் எதிரே போனால் நின்று பேசுவான். மழை உண்டா, தண்ணீர் திறந்துவிட்டார்களா, இவ்வளவுதான். உன் பேரை எடுப்பதில்லை. அவன் கோபப்பட்டால்கூட எனக்குத் தேவலை.

இந்த வருஷம் ஐப்பசியில் உன் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது உன் அம்மா அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். சின்ன ரகம். நீ முதல் நாள் காட்டிய அதே விதை. இதை என்ன செய்ய என்று கேட்டாள். கிணற்றடியில் ஒரு துண்டு நிலத்தில் ஊன்றினேன். பழைய விதை, பாதி முளைக்கவில்லை. முளைத்ததற்கு நீ சாவடியில் சொன்னபடியே செய்தேன். தொழுவுரம் முதலில். போரான், உப்புப் போடுகிற மாதிரி. யூரியா சின்னப் பயிரோடு சரி. மாசி வந்தது, மஞ்சளும் வந்தது. மகனே, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் கால் தானாக அங்கே போகும், மஞ்சளைப் பார்க்கும், கை துறுதுறுக்கும். உன் அம்மாவிடம் சொல்லி யூரியா மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். ஒரு இலை ஒரு இலையாகப் பழுத்துச் சாய்வதை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான். என் வயசுக்கு அதைத்தான் நான் புதிதாகக் கற்றேன். அதையும் உன்னிடமிருந்துதான் கற்றேன், நீ இல்லாத நேரத்தில்.

போன வாரம் ஜீப் இல்லாத நாளில் பாண்டி கிணற்றடிப் பக்கம் வந்தான். இது என்ன மச்சான், பட்டுப்போச்சா என்றான். நான் ஒரு கிழங்கைப் பிடுங்கி மண்ணைத் தட்டினேன். கைக்குள் அடங்குகிற கிழங்கு. நான் கேலி பண்ணினேனே, அதே அளவு. தோலைச் சீவி ஒரு துண்டை அவனிடம் கொடுத்து, ஒரு துண்டை நான் வாயில் போட்டேன். பச்சைக் கிழங்கின் மண் வாடை இருந்தது. ஆனால் அதற்கு மேலே, மகனே, இனிப்பு. கரும்பு தோற்கிற இனிப்பு. அவன் மென்றுகொண்டே இருந்தான். விழுங்கவில்லை. அப்புறம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“பய அன்னைக்கே சரியாத்தேன் சொல்லியிருக்கான் மச்சான்.”

இரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ சொன்னது சரி என்று தெரிந்து இப்போது யாருக்கு என்ன? ஆலையில் கிழங்குக்கென்று வைத்த மிஷினைக் கழற்றிவிட்டார்கள். பந்தல் இருந்த இடத்தில் கருவேலம் முளைத்துவிட்டது. ஊர் ஒருமுறை நம்பி ஏமாந்தது, இனி யார் சொன்னாலும் நம்பாது. இந்த இனிப்பை எங்கே கொண்டுபோய் விற்பது, யாரிடம் காட்டுவது? நீ தோற்றிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். நீ தோற்கவில்லை என்பதுதான் என்னைத் தின்கிறது.

ஓமனில் நீ எந்தப் பயிரைப் பார்க்கப் போகிறாயோ தெரியாது. மணலில் பச்சையைப் பார்த்தால் அங்குள்ளவர்களுக்கு நம்மைவிட ஆசை கூடுதலாக இருக்கும். அவர்களிடம் மஞ்சளைப் பற்றி முன்னாலேயே பேசிவிடு. பேசிவிட்டுப் போய்விடாதே, மஞ்சள் விழுகிற அன்று பக்கத்தில் நில். நம்முடைய ஊர் உன்னிடம் கேட்டதும் கடைசியில் அதைத்தான், முறையில்லாத மாதிரி கேட்டாலும். உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் அப்படித்தான். எதற்கெடுத்தாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. ஆனால் பக்கத்தில் இரு.

பாண்டி அன்று போகும்போது திரும்பி நின்று, மாப்பிள்ளை போகும்முன் வருவானா என்று கேட்டான். வருவான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாது என்றேன். அவன் மீதிக் கிழங்கைக் காட்டி, “அதப் புடுங்காதீக. அவென் வந்து பாக்கட்டும்” என்றான். அதனால் பிடுங்கவில்லை. சித்திரை வெயில் ஏற ஏற மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தினமும் கொஞ்சம் தண்ணீர் மட்டும் காட்டுகிறேன். வேறொன்றும் போடவில்லை. இலை மஞ்சளாகத்தான் நிற்கிறது. வந்தால் பார்ப்பாய். வராவிட்டால் மலைமாடு தின்னும்.

உன் அப்பா